‘ஈவில் எம்பயர்’ உங்களுக்கு எப்போது பிடிபட்டது?

பிழைதிருத்தி எழுதியது:

நண்பர்களே, மூன்று வாரமாக ஒரே ஆல்பத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். ராப்பையும் ராக்கையும் கலந்து வாசித்த அமெரிக்கக் குழுவான ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷினின் இரண்டாவது ஆல்பமான ‘ஈவில் எம்பயர்’. ஒதுக்கி வைக்க மனம் வரவில்லை. முதல் ஆல்பத்தைப் போல நெஞ்சோடு சேர்த்துக்கொள்ளவும் முடியவில்லை. இந்த ஆல்பத்தோடு வெகு காலம் பழகியவர்கள் இங்கே இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் கேட்கிறேன்.

முதல் ஆல்பம் எனக்கு என்னவாக இருந்தது என்பதைச் சொன்னால்தான் என் தவிப்பு விளங்கும். அது வெளியானது 1992 நவம்பரில். என் காதுக்கு வந்தது வெகு காலம் கழித்து, நான் இரவுப் பணியில் அச்சுப் பிழை திருத்திக்கொண்டிருந்த நாட்களில். அட்டையில் 1963இல் சைகோன் தெருவில் தீக்குளித்த புத்த பிக்குவின் படம். மால்கம் பிரவுன் எடுத்த அந்தப் புகைப்படத்தில் தீயின் நடுவே அவர் அசையாமல் அமர்ந்திருப்பார். பாடல்களும் அப்படித்தான் நடந்துகொண்டன. முதலில் அமைதி, அடியில் கனல், பிறகு வெடிப்பு. ‘கில்லிங் இன் த நேம்’ பாட்டின் முடிவில் ஒரே மறுப்பு வரியைப் பாடகர் ஸாக் டி லா ரோச்சா திரும்பத் திரும்பச் சொல்வார். முதலில் முணுமுணுப்பு, கடைசியில் தொண்டை கிழியும் கூச்சல். அந்த வரி உச்சத்துக்குப் போகும்போதெல்லாம் கையிலிருந்த பேனாவை மேசையில் வைத்துவிடுவேன். அந்த நேரத்தில் ஒரு சொல்லைக்கூடத் திருத்த முடியாது.

இரண்டாவது ஆல்பத்தில் அந்த ஏற்றம் எனக்குக் கிடைக்கவில்லை. பாடல்கள் நடுவிலேயே தொடங்கி நடுவிலேயே முடிவதுபோல் இருக்கின்றன. ‘பீப்பிள் ஆஃப் த சன்’ இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. காது தயாராவதற்குள் கதவு சாத்தப்படுகிறது. ஒலியும் வறண்டிருக்கிறது. முதல் ஆல்பத்தில் டிரம்ஸுக்கு ஒரு பெரிய கூடம் இருந்தது, இதில் நான்கு சுவர்தான் இருக்கிறது. குரல் மூக்கிலிருந்து வருகிறது, மெலிந்திருக்கிறது, சொற்கள் நெருக்கியடித்துக்கொண்டு வருகின்றன. ‘வித்தவுட் எ ஃபேஸ்’ தொடங்கி ‘ரோல் ரைட்’ வரை உள்ள மூன்று பாடல்களும் எனக்கு ஒரே நீளமான பாட்டாகவே கேட்கின்றன.

பிடித்தது இல்லாமல் இல்லை. ‘புல்ஸ் ஆன் பரேட்’ முதல் நொடியிலேயே பிடித்துவிட்டது, அதைப் பிடிக்காதவர் இருப்பார் என்று நான் நினைக்கவில்லை. ‘டவுன் ரோடியோ’வில் குரல் தணியும் இடம் ஒன்று வரும். அதைக் கேட்பதற்காகவே பாட்டை மறுபடி ஓடவிட்டிருக்கிறேன். ஆனால் பதினொரு பாடலில் இரண்டு போதாது.

என் கேள்வி இதுதான். இது முதல் ஆல்பத்தைவிட உண்மையிலேயே குறைந்ததா? அல்லது நான் பழைய ஆல்பத்தின் காதை வைத்துக்கொண்டு இதைக் கேட்கிறேனா? உங்களுக்கு இது திறந்துகொண்டது என்றால், எந்தப் பாட்டில், எப்படித் திறந்தது என்று சொல்லுங்கள். ‘அருமையான ஆல்பம்’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். எனக்கு வழி வேண்டும்.

ஆறு தந்தி எழுதியது:

நண்பரே, நீங்கள் குறை என்று எழுதியிருக்கும் வறட்சியில்தான் எனக்கு இந்த ஆல்பம் திறந்தது. நான் கிதார் வாசிப்பவன், ஆகவே கிதார் வழியாகவே சொல்கிறேன்.

முதல் ஆல்பத்துக்குத் தயாரிப்பாளர் கார்த் ரிச்சர்ட்சன். இதற்கு பிரெண்டன் ஓ’பிரையன். ஆள் மாறியதும் அறை மாறிவிட்டது. நான்கு பேர் ஒரு ஒத்திகை அறையில் நிற்கிறார்கள், நீங்களும் அதே அறையின் மூலையில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரொலியின் மெருகு கிடையாது. கிதாரின் ஒவ்வொரு உராய்வும் பச்சையாகக் கேட்கும். தரையில் வைத்த ஆம்ப்ளிஃபையரின் உறுமல் கால்வழியாக ஏறும். அழகான ஒலி என்று நான் சொல்ல மாட்டேன். நெருக்கமான ஒலி.

இந்த நெருக்கம் இல்லாமல் குழுவின் கிதார் கலைஞர் டாம் மொரெல்லோ இதில் செய்திருக்கும் வேலை காதில் விழாது. ‘பீப்பிள் ஆஃப் த சன்’ பாட்டில் அந்தக் கீச்சொலி வருகிறதே, அது என்ன என்று பலரும் குழம்பியிருக்கிறார்கள். திருகு முடுக்கும் ஆலன் சாவியைத் தந்திகள்மேல் தேய்க்கிறார். அவ்வளவுதான். முதல் ஆல்பத்தின் உறையில் சாம்பிள், கீபோர்டு, சிந்தசைசர் எதையும் பயன்படுத்தவில்லை என்று அச்சிட்டிருந்தார்கள். இரண்டாவதிலும் எல்லாம் கையால் செய்ததுதான்.

‘புல்ஸ் ஆன் பரேட்’ தனிவாசிப்பைச் சொல்கிறேன், ஏனென்றால் அதைக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு மாதம் ஆனது. கிதாரில் இரண்டு பிக்கப், அதாவது தந்தியின் அதிர்வை மின்னொலியாக்கும் பகுதிகள். ஒன்றின் ஒலியை முழுதாக இறக்கிவிட வேண்டும், மற்றது முழு ஒலியில் இருக்க வேண்டும். இப்போது பிக்கப் மாற்றும் சுவிட்ச் ஒரு குழாய்த் திருகைப்போல ஆகிவிடும். ஒருபக்கம் தள்ளினால் ஒலி, மறுபக்கம் தள்ளினால் மௌனம். ஒரு கை தந்திகளைப் பிக்கப்புக்கு மேலே முன்னும் பின்னும் தேய்க்கிறது, மறுகை சுவிட்சைத் தாளத்தில் தட்டுகிறது. கேட்பவருக்கு இசைத்தட்டைக் கையால் பின்னிழுக்கும் டிஜேயின் ஒலி கிடைக்கிறது. நான் முதன்முதலாகச் சரியாகச் செய்த அன்று என் விரல் நுனியில் தோல் உரிந்திருந்தது. ராப் இசையில் கிதாருக்கு இடமில்லை என்ற பேச்சுக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியாது. கிதார் அங்கே விருந்தாளியாக வரவில்லை, டிஜேயின் இருக்கையிலேயே போய் உட்கார்ந்துவிட்டது.

‘நடுவில் தொடங்கி நடுவில் முடிகிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான். முதல் ஆல்பத்தில் பத்துப் பாடல்கள், ஏறத்தாழ 52 நிமிடம். இதில் பதினொன்று, ஏறத்தாழ 46 நிமிடம். ஒரு பாட்டு கூடியிருக்கிறது, நேரம் குறைந்திருக்கிறது. அவர்கள் வெட்டி எறிந்தது முன்னேற்பாட்டை. அடுப்பு எரிவதைக் காட்டவில்லை, கொதிநிலையிலிருந்தே தொடங்குகிறார்கள்.

ஒரு யோசனை. ‘ரிவால்வர்’ பாட்டை ஒலியைக் குறைத்து வைத்துக் கேளுங்கள். அதில் குரல் பல இடங்களில் தணிந்தே வருகிறது. நீங்கள் தேடும் அந்த ஏற்ற இறக்கம் இந்த ஆல்பத்திலும் இருக்கிறது, ஆனால் வேறு அளவில்.

நேர்கோடு எழுதியது:

எனக்கு மாறான கருத்து இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்த ஆல்பத்தை இருபது ஆண்டுகளாகக் கேட்டிருக்கிறேன், அது தன்னைத் திறந்து காட்டவும் செய்தது. திறந்த பிறகும் நடுத்தரமானது என்றுதான் நினைக்கிறேன்.

1992க்கும் 1996க்கும் இடையில் மூன்றரை ஆண்டு இடைவெளி. குழுவுக்குள் பூசல், பிரிந்துபோகும் நிலை வரை போய்வந்தார்கள். அது பாடல்களில் தெரிகிறது. ‘ரோல் ரைட்’, ‘ஸ்னேக்சார்மர்’ இரண்டும் எனக்கு முழுமை பெறாத பாடல்களாகவே படுகின்றன. கிதார் ஒரு சுழலைக் கண்டுபிடிக்கிறது, குரல் அதன்மேல் ஓடுகிறது, அதற்குமேல் எதுவும் நிகழ்வதில்லை. 1999இல் வந்த மூன்றாவது ஆல்பத்தை இதன் அருகில் வைத்துப் பாருங்கள். அதே தயாரிப்பாளர், அதே நால்வர். அங்கே பாடல்களுக்கு எலும்பும் இருக்கிறது, சதையும் இருக்கிறது. இரண்டாவது ஆல்பம் அங்கே போவதற்கான பாலம். பாலத்தின்மேல் யாரும் வீடு கட்டுவதில்லை.

இன்னொன்றும் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. எபிக் நிறுவனம் வெளியிட்ட ஆல்பம் இது, எபிக் சோனியின் கையில் இருந்தது. வெளியானதும் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம். பெருமுதலாளியத்தை எதிர்க்கும் பாட்டு பெருமுதலாளியின் கடையில் விற்கிறது. அதனால் நிறையப் பேரைப் போய்ச் சேர முடிந்தது என்று அவர்கள் தரப்பில் சொல்வார்கள். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் எனக்கு முழுதாக ஆறுதல் வரவில்லை, இருபது ஆண்டாக வரவில்லை.

வரிகளைப் பற்றி ஒன்று. கோபம் நிஜமானது, மறுக்கவில்லை. ஆனால் பல இடங்களில் பெயர்களும் குறிப்புகளும் மூட்டையாகக் கொட்டப்படுகின்றன. பாட்டைக் கேட்டுப் புரிந்துகொள்ள முடியாமல் படித்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும் என்றால், அது பாட்டின் குறை.

தோற்கட்டை எழுதியது:

நான் டிரம்ஸ் வாசிப்பவள். சுருக்கமாகச் சொல்கிறேன். குழுவின் டிரம்மர் பிராட் வில்க்கை மட்டும் பின்தொடர்ந்து ஒருமுறை முழு ஆல்பத்தையும் கேளுங்கள். அவர் எங்கும் ஓடுவதில்லை. குழுவின் மற்ற மூவரும் முன்னால் பாய்ந்துகொண்டிருக்கும்போது அவர் தாளத்தை ஒரு மயிரிழை பின்னாலேயே வைத்திருக்கிறார். அந்த இழுபறிதான் இந்த ஆல்பத்தை நடக்க வைக்கிறது. வேகமான குழு என்று பலர் நினைக்கிறார்கள், தாளத்தைக் கையால் தட்டிப் பார்த்தால் பெரும்பாலான பாடல்கள் நிதானமான நடை என்று தெரியும். ‘டயர் மீ’ விதிவிலக்கு. அது மூன்றே நிமிடம், மூச்சுவிட இடம் தராது. தனிப்பாடலாகக்கூட வெளியிடப்படாத அந்தப் பாட்டுக்குத்தான் 1997இல் சிறந்த மெட்டல் நிகழ்ச்சிக்கான கிராமி விருது கிடைத்தது.

பழைய கேசட் எழுதியது:

தம்பி பிழைதிருத்தி, உங்கள் கேள்வியில் ‘வழி வேண்டும்’ என்ற சொல் என்னை எழுத வைத்தது. நேர்கோடு தோழர் சொன்ன கடைசிக் குறையிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் எனக்கு வழி கிடைத்தது அங்கேதான்.

நான் இதைக் கேசட்டில் வாங்கியவன். 1996 ஏப்ரலில் வெளியான ஆல்பம், என் கைக்கு வந்தபோது அதற்கு அடுத்த ஆண்டு. உறைத்தாளில் எழுத்துகள் எறும்பு அளவு. முதல் பாட்டிலேயே ‘குவாடெமோக்’ என்று ஒரு பெயர் வருகிறது. யார் இவர்? வேலை முடிந்து நூலகத்துக்குப் போய்க் கலைக்களஞ்சியத்தில் தேடினேன். ஆஸ்டெக் அரசர்களில் கடைசியானவர். 1521இல் தலைநகர் வீழ்ந்தபோது ஸ்பானியரிடம் பிடிபட்டார். 1525இல் ஸ்பானியத் தளபதி கோர்த்தேஸ் அவரைத் தூக்கிலிட்டார். அன்றிரவு அந்த இரண்டரை நிமிடப் பாட்டைக் கேட்டபோது என் உடல் சிலிர்த்தது. நானூற்றெழுபது ஆண்டுக்கு முந்தைய ஒரு மனிதனை அவர்கள் நேற்று கொல்லப்பட்ட தோழனைப்போலப் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டிருந்தார்கள். பாட்டு என்னைப் படிக்க அனுப்பியதை நான் குறையாக நினைக்கவில்லை, தோழர். அனுப்பிவிட்டுத் திரும்பி வரும்வரை அது எனக்காகக் காத்திருந்தது.

அந்தப் பாட்டு ஏன் பிறந்தது என்பது அதைவிட முக்கியம். 1994 ஜனவரி 1. அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றுக்கும் இடையிலான நாஃப்டா வணிக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த நாள். அன்று விடியலில் மெக்சிகோவின் தெற்கிலுள்ள சியாபாஸ் மாநிலத்தில் முகமூடி அணிந்த பழங்குடி உழவர்கள் சான் கிறிஸ்டோபல் உள்ளிட்ட ஊர்களைக் கைப்பற்றினார்கள். சப்பாத்தா என்ற பழைய புரட்சிக்காரரின் பெயரைத் தாங்கிய படை. அவர்கள் கோபத்துக்கு வேர் மண்ணில் இருந்தது. ஊர்ப் பொதுநிலங்களைக் காத்துவந்த அரசியல் சட்டத்தின் 27ஆம் பிரிவை 1992லேயே திருத்திவிட்டார்கள். இனி நிலத்தை விற்கலாம், வாங்கலாம். எல்லையைத் தாண்டி மலிவான சோளம் வந்து இறங்கினால் மலைச்சரிவில் சோளம் விதைப்பவன் எங்கே போவான்?

டி லா ரோச்சா சியாபாஸுக்கு நேரில் போய்வந்தவர். அவர் தந்தை பெட்டோ டி லா ரோச்சா ஓவியர். ‘லாஸ் ஃபோர்’ என்ற சிக்கானோ (மெக்சிகோ வழிவந்த அமெரிக்கர்) ஓவியர் குழுவில் ஒருவர், லாஸ் ஏஞ்சலிஸ் அருங்காட்சியகத்தில் 1974இல் அந்தக் குழுவின் ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஆகவே மெக்சிகோ அவருக்குச் செய்தித்தாளில் படித்த நாடு அல்ல. முதல் ஆல்பத்தில் அவர் ‘நான் கீழ்ப்படிய மாட்டேன்’ என்று பாடினார். அதைக் கேட்கும் எவரும் அந்த ‘நானு’க்குள் தன்னை வைத்துக்கொள்ள முடியும். நானும் என் மேலதிகாரியை நினைத்துக்கொண்டு கத்தியிருக்கிறேன், நீங்களும் கத்தியிருப்பீர்கள். இரண்டாவது ஆல்பத்தில் அந்த வசதி இல்லை. இது சியாபாஸ் உழவனின் கோபம், இது எல்லையில் நிற்பவனின் கோபம் என்று பெயரும் இடமும் வந்துவிடுகின்றன. நீங்கள் உள்ளே நுழைய முடியாமல் தவிப்பதற்குக் காரணம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். வீட்டுக்காரர் வேறொருவர். நீங்கள் அங்கே விருந்தினராகத்தான் போக முடியும், அமைதியாக உட்கார்ந்து அவர் சொல்வதைக் கேட்க வேண்டும்.

உங்களுக்கு ஒன்றாகக் குழம்பும் அந்த மூன்று பாடல்களில் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ‘வித்தவுட் எ ஃபேஸ்’ எல்லையைக் கடந்து வருபவனின் பாட்டு. முகமில்லாதவன், தாள்கள் இல்லாதவன். அது எழுதப்பட்ட காலத்தை நினையுங்கள். 1994 அக்டோபரில் சான் டியேகோ எல்லையில் ‘ஆபரேஷன் கேட்கீப்பர்’ என்ற காவல் நடவடிக்கை தொடங்குகிறது. அடுத்த மாதமே கலிஃபோர்னியா மக்கள் 187ஆம் முன்மொழிவுக்கு வாக்களித்து, ஆவணமில்லாதவர்களுக்குப் பள்ளியும் மருத்துவமும் கூடாது என்கிறார்கள். பின்னர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. சான் டியேகோவில் எழுப்பிய வேலி எதனால் ஆனது தெரியுமா? வியட்நாம் போர்க்காலத்தில் ஹெலிகாப்டர்கள் இறங்குவதற்காகத் தரையில் விரித்த இரும்புத் தகடுகள். போர் முடிந்து மிஞ்சிய அந்தத் தகடுகளை நிமிர்த்தி நட்டுவைத்தார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த வறண்ட, எதிரொலியில்லாத டிரம்ஸ் ஒலியைக் கேளுங்கள். எனக்கு அந்தத் தகட்டைக் கையால் தட்டுவதுபோலவே கேட்கிறது. அவர்கள் அப்படி நினைத்துச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. எனக்கு அப்படிக் கேட்கிறது.

அடுத்தது ‘விண்ட் பிலோ’. கீழிருந்து வரும் காற்று. அந்தச் சியாபாஸ் படையினரான சப்பாத்திஸ்தாக்களின் பேச்சாளர் மார்கோஸ் சியாபாஸைப் பற்றி எழுதிய கட்டுரையில் இரண்டு காற்றுகளைச் சொல்கிறார். மேலிருந்து வீசுவது ஆள்பவர்களின் காற்று, கீழிருந்து எழுவது மக்களின் காற்று. பாட்டின் பெயரே அதற்குக் காது கொடுத்திருக்கிறது. ‘ரோல் ரைட்’ பற்றி எனக்குச் சொல்ல அதிகமில்லை, அதில் நான் நேர்கோடு பக்கம்.

வேறு சிலவற்றைத் தொட்டுவிட்டுப் போகிறேன். ஆல்பத்தின் பெயர், ‘தீய பேரரசு’, 1983இல் அமெரிக்க அதிபர் ரேகன் சோவியத் ஒன்றியத்தைத் திட்டிய சொல். அதைப் பிடுங்கித் தங்கள் நாட்டின்மேலேயே ஒட்டினார்கள். அட்டையில் மெல் ராமோஸ் வரைந்த காமிக் வீரனைத் திருத்தி, மார்பில் ‘இ’ எழுத்தைப் போட்டுச் சிரிக்க வைத்தார்கள். முதல் ஆல்பத்தில் எரியும் பிக்கு, இதில் கன்னம் சிவந்த சிறுவன். எனக்கு இந்தச் சிரிப்புதான் அதிகம் பயம் தருகிறது. ‘வியட்நவ்’ வானொலியில் நாள்முழுதும் வெறுப்புப் பேசுபவர்களைப் பற்றியது, இன்று கேட்டாலும் பழசாகவில்லை. ‘இயர் ஆஃப் தா பூமராங்’ ஜான் சிங்கிள்டனின் 1995 படத்துக்காக முன்பே பதிவானது. குடியேற்ற ஆட்சியை எதிர்த்து எழுதிய ஃபனானின் புத்தகத்துக்கு பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்ர் எழுதிய முன்னுரையில் பூமராங் என்ற உவமை வருகிறது. குடியேற்ற ஆட்சி வீசிய வன்முறை அதன்மேலேயே திரும்பி வரும் நேரம் என்பது பொருள்.

சோனியைப் பற்றித் தோழர் எழுப்பிய கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஒரு நிகழ்ச்சியை மட்டும் சொல்கிறேன். ஆல்பம் வெளிவருவதற்கு மூன்று நாள் முன்பு, 1996 ஏப்ரல் 13, ‘சாட்டர்டே நைட் லைவ்’ தொலைக்காட்சி நிகழ்ச்சி. அன்றைய தொகுப்பாளர் ஸ்டீவ் ஃபோர்ப்ஸ். கோடீஸ்வரர், அந்த ஆண்டு குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராக முயன்றவர். இவர்கள் ஆம்ப்ளிஃபையர்கள்மேல் அமெரிக்கக் கொடியைத் தலைகீழாகத் தொங்கவிட்டார்கள். வாசிக்கத் தொடங்கும் முன் கொடிகள் அகற்றப்பட்டன. ஒரு பாட்டோடு சரி, இரண்டாவது பாட்டு ஒளிபரப்பாகவில்லை. விற்பனைக்காக மட்டும் பாடியவர்கள் வெளியீட்டுக்கு மூன்று நாள் முன்பு, அவ்வளவு பெரிய மேடையில் அதைச் செய்ய மாட்டார்கள். இதற்குமேல் அதில் வாதாட எனக்கு எதுவுமில்லை.

நேர்கோடு எழுதியது:

கொடி நிகழ்ச்சி எனக்கும் தெரியும், ஐயா. அதை மதிக்கிறேன். வேலித் தகடு எனக்குத் தெரியாத செய்தி. ‘வித்தவுட் எ ஃபேஸ்’ பாட்டை இன்றிரவு மறுபடி கேட்பேன். மூன்றாவது ஆல்பம்தான் சிறந்தது என்பதில் மாற்றமில்லை.

பிழைதிருத்தி எழுதியது:

ஒரு வாரம் கழித்து வருகிறேன். எழுதிய ஒவ்வொருவருக்கும் நன்றி. சொன்னபடியெல்லாம் கேட்டுப் பார்த்தேன், என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

முதலில் ‘ரிவால்வர்’, ஒலியைக் குறைத்து. ஆறு தந்தி சொன்னது சரி. பாதிக் காதோடு கேட்கும் பாட்டு என்று நினைத்திருந்தேன். குறைந்த ஒலியில் வைத்ததும் அந்தத் தணிந்த குரல் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு பாட்டு வெடிக்கும்போது நான் உண்மையில் திடுக்கிட்டேன். மூன்று வாரமாக இந்த ஆல்பத்தை முழு ஒலியில் வைத்துக் கேட்டது என் தவறு.

பிறகு தோற்கட்டை அம்மா சொன்னபடி டிரம்ஸை மட்டும். மேசையில் விரலால் தட்டிக்கொண்டே போனேன். என் விரல் ஒவ்வொரு முறையும் அவருக்கு முன்னால் விழுந்தது. மயிரிழை என்று நீங்கள் எழுதிய சொல்லைக் கையால் உணர்ந்தேன். ‘வியட்நவ்’ பாட்டில் அது மிகத் தெளிவாகத் தெரிந்தது.

அதன் பிறகு நான் எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். வரிகளைத் தாளில் எடுத்து, பிழை திருத்துவதுபோல எழுத்து எழுத்தாகப் படித்துக்கொண்டு கேட்டேன். அப்போதுதான் குரல் எனக்கு விளங்கியது. மெலிந்துவிட்டது என்று புகார் சொன்னேன் அல்லவா? அது மெலியவில்லை. அவர் இந்த ஆல்பத்தில் மெய்யெழுத்துகளைக் கொண்டு பாடுகிறார். முதல் ஆல்பத்தில் உயிரெழுத்தை நீட்டினார், அந்த நீட்டலில்தான் கூச்சல் ஏறியது. இங்கே உயிர் குறுகி, க, ட, ப என்று வல்லினம் ஒன்றன்மேல் ஒன்று விழுகிறது. வரியின் முடிவில் மட்டும் இயைபு வருவதோடு நிற்பதில்லை. வரியின் நடுவிலேயே எதுகை வந்து முட்டுகிறது, அடுத்த வரி அதைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. குரலை மூக்குக்கு ஏற்றியிருப்பதும் அதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. மார்பிலிருந்து கத்தினால் இத்தனை வல்லினங்கள் ஒன்றில் ஒன்று கரைந்துபோகும். ‘புல்ஸ் ஆன் பரேட்’ பாட்டில் உணவு, வீடு, காலணி ஆகியவற்றை விட்டு ஆயுதத்துக்குப் பணம் போவதைச் சொல்லும் இடத்தை எடுத்து வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். உதடு வலிக்கும்.

ஐயா, குவாடெமோக்கின் பெயர் வரும் இடத்தில் நான் இப்போது பாட்டை நிறுத்திவிடுகிறேன். நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து வைக்கிறேன். இரண்டரை நிமிடம் போதவில்லை என்று முன்பு எழுதினேன். இப்போதும் போதவில்லை, ஆனால் இது பசி. அந்தக் குறைக்கும் இந்தப் பசிக்கும் வித்தியாசம் இருக்கிறது.

நீங்கள் எழுதிய ‘விருந்தினர்’ என்ற சொல் இரண்டு நாள் என்னைத் தூங்கவிடவில்லை. முதல் ஆல்பத்தை நான் என் கோபத்துக்கு வாடகைக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். வேலையில் கூலியைப் பிடித்தம் செய்த ஒருவரை நினைத்துக் கத்துவதற்கு. அதில் தவறில்லை, அந்தப் பாட்டு அதற்கு இடம் கொடுத்தது. ஆனால் ‘விண்ட் பிலோ’ கேட்கும்போது என் கோபத்தைக் கொண்டுபோய் வைக்க இடமில்லை. அங்கே ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள். முந்தாநாள் இரவு அந்தப் பாட்டை மூன்று முறை கேட்டேன், மூன்று முறையும் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன். மேசைமேல் அடுத்த நாள் போக வேண்டிய படிவங்கள் அப்படியே கிடந்தன.

முதல் ஆல்பத்தைவிட இது பெரிதா என்று கேட்டால், இல்லை. எனக்கு அந்தப் பத்தொன்பது வயது இரவுகள் இன்னும் கனமானவை. நேர்கோடு அண்ணா சொன்ன ‘பாலம்’ என்ற சொல்லை மட்டும் நான் ஏற்கவில்லை. இதில் நான் தங்க முடிகிறது. ‘ஸ்னேக்சார்மர்’ பற்றி அவர் சொன்னது சரி, அது எனக்கும் நிறைவடையவில்லை. ‘ரோல் ரைட்’ இன்னும் பூட்டியே கிடக்கிறது. அதற்குச் சாவி யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.

ஆறு தந்தி எழுதியது:

‘ரோல் ரைட்’ பாட்டில் கிதாரையும் குரலையும் விட்டுவிடுங்கள். டிம் காமர்ஃபோர்டின் பேஸ் கிதாரை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள், ஹெட்ஃபோனில், இரண்டு முறை. மூன்றாவது முறை குரல் தானாக வந்து அதன்மேல் உட்காரும். வரவில்லை என்றால் இங்கே வந்து சொல்லுங்கள், நான் வாசித்து அனுப்புகிறேன்.